பாய்லரில் ஊற்றிய தைலம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும். எங்கள் சலவைக் கடையில் கவுண்டரில் நிற்பது நான். காலர் அழுக்குப் போகவில்லை, பட்டன் உடைந்துவிட்டது, இது என் சட்டையே இல்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது நான். வாய் நீளமில்லாமல் அந்த வேலை நடக்காது. ஆனால் அதே வாய் என் நாத்தனார் முன்னால் மட்டும் தைத்துப் போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். அது ஏன் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இவருடைய அம்மா சீக்கிரமே போய்விட்டார். இவரை வளர்த்தது அக்காதான். சின்ன வயதிலேயே இவருக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் அக்கா கொதிக்கிற தண்ணீரில் தைலத்தை விட்டு, போர்வையைப் போர்த்தி, தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு ஆவி பிடிக்க வைப்பாராம். தம்பி பிழைத்துக்கொண்டான். தைலத்தால் பிழைத்தானா, மடியால் பிழைத்தானா, தானாக அடங்கியதா, யாருக்குத் தெரியும்? அக்காவுக்குத் தெரியும். தைலத்தால்தான்.

அப்படித் தம்பியைக் காப்பாற்றின ஒருத்தரிடம் நான் போய் என்ன வாய் பேசுவது? அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு, காபி போட்டுக் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அண்ணிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாசனை எண்ணெய்களை மோந்து உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று எங்கேயோ பாடம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். சான்றிதழோடு திரும்பினார். அதற்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, அதற்குக் கீழே நாற்காலிகளைப் போட்டு, ‘மூச்சு வகுப்பு’ என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார். தோளில் ஒரு பெரிய தோல் பை. யூகலிப்டஸ், புதினா, லாவெண்டர், எலுமிச்சை என்று அதற்குள் குட்டிக் குட்டிக் குப்பிகள். நடந்தால் கிணுகிணுவென்று சத்தம் போடும். அண்ணி வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும், அதற்கும் முன்னால் வாசனை வரும்.

வகுப்புக்கு நல்ல கூட்டம். இருமுகிறவர்கள், தும்முகிறவர்கள், ஒன்றுமே இல்லாமல் பொழுது போகாதவர்கள். எல்லாரிடமும் அண்ணி சொல்வது ஒரே கதைதான். தம்பி சின்ன வயதில் சாகக் கிடந்தான், இன்றைக்கு நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறான், மருந்து என்று ஒன்றைக் கையால் தொட்டதில்லை. நம்பாதவர்களைக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். வந்தவர்கள் இஸ்திரி மேஜைக்கு எதிரே நின்று, கண்காட்சியில் வைத்த பொருளைப் பார்ப்பதுபோல இவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவரும் மூச்சை நன்றாக இழுத்து விட்டுக் காட்டுவார்.

மருந்தைத் தொட்டதில்லையாம். தொடாமல் என்ன? டாக்டர் கொடுத்த நீல இன்ஹேலர் எப்போதும் இவருடைய பேன்ட் பாக்கெட்டில்தான் இருக்கும். தேவைப்பட்டால் எடுத்து, குலுக்கி, வாயில் வைத்து ஒரு அழுத்து. கொஞ்ச நேரத்தில் ஆள் சரியாகிவிடுவார். அதில் என்ன வெட்கம்? நான் மூக்குக்கண்ணாடி போடுகிறேன், யாரிடமாவது மறைக்கிறேனா?

டாக்டரிடம் ஒரு தடவை இந்தத் தைல விஷயத்தை எடுத்தேன். அவர் நாலு திட்டுத் திட்டுவார், அதை அண்ணியிடம் போய்ச் சொல்லலாம் என்று ஆசை. அந்த மனுஷன் என்னை ஏமாற்றிவிட்டார். மோந்தால் சிலருக்கு இதமாக இருக்கும், தப்பில்லை என்றார். ஆனால் நெடி அதிகமானால் அதுவே சிலருக்கு மூச்சை அடைத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். பிறகு இவரைப் பார்த்து, “வாசனை பிடிச்சா மோந்துக்கங்க. மூச்சு அடைச்சா இதுதான். இது பாக்கெட்டை விட்டு எங்கயும் போகக் கூடாது” என்றார்.

வெளியே வந்ததும், இதை உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். அக்கா தாங்க மாட்டாள் என்றார். அந்த வகுப்பே இவரை நம்பித்தான் நடக்கிறதாம். இவர் இன்ஹேலரோடு நிற்பதைப் பார்த்தால் அக்காவின் முகத்தில் ஈயாடாதாம். அக்கா முகம் வாடுமே என்று கவலைப்படுகிற மனுஷனுக்கு நான் தாலி கட்டிய பெண்டாட்டி என்பது ஞாபகமே இல்லை. அன்றைக்கு வழி முழுக்க நான் அவரிடம் பேசவில்லை.

கிணுகிணு சத்தம் கேட்டால் போதும், இன்ஹேலரைக் கையில் எது கிடைக்கிறதோ அதற்குள் தள்ளிவிடுவார். ஒரு தடவை கஞ்சிப்பசை டப்பாவுக்குப் பின்னால். ஒரு தடவை சோப்புத் தூளுக்குள்ளேயே புதைத்துவிட்டு, அப்புறம் வெளியே எடுத்துக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒளித்து வைக்கிறவர் இன்னொன்றாவது வாங்கிக் கடையில் வையுங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். வீட்டில் ஒன்று இருக்கிறதே என்பார். வீடு பஸ் ஏறிப் போகிற தூரம்.

இந்த லட்சணத்தில்தான் அண்ணிக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நாள் காபியைக் குடித்துக்கொண்டே இஸ்திரி மேஜையையும் அதற்குக் கீழே இருக்கிற பாய்லரையும் உற்றுப் பார்த்தார். பாய்லர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் தண்ணீர் கொதித்து, ஆவி குழாய் வழியாக இஸ்திரிப் பெட்டிக்கு வரும். மிதியை மிதித்தால் புஸ்ஸென்று துணி மேல் அடிக்கும்.

“நாள் முழுக்க ஆவியிலதானே நிக்கறே,” என்றார் தம்பியிடம். “அந்த ஆவி சும்மா வீணாப் போகுதே.”

எனக்குப் புரிவதற்குள் யூகலிப்டஸ் குப்பியைத் திறந்து ஒரு மூடி தொட்டிக்குள் ஊற்றிவிட்டார். யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். சலவைக் கடைக்காரன் வீட்டில் பிறந்தவருக்குத்தான் இப்படித் தோன்றும். இவர் தலையை ஆட்டினார். அக்கா சொன்னால் இவர் பாய்லருக்குள்ளேயே இறங்கிவிடுவார்.

அன்றிலிருந்து எங்கள் கடைத் துணிகளுக்கு ஒரு தனி மணம் வந்துவிட்டது. பாங்கு மேனேஜர் சட்டையை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் திரும்பி வந்து, மீட்டிங்கில் எல்லாரும் தன்னிடமிருந்து தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள், யாருக்கு ஜலதோஷம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று புலம்பினார். ஒரு கல்யாணப் பையனுடைய கோட்டு எங்களிடம்தான் வந்தது. போட்டோ எடுக்கும்போது பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்ததாம். பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று நினைத்து அவளுடைய அம்மாவும் அழுதாராம். நான் கவுண்டரில் நின்று, புது சோப்பு, கிருமிக்கு நல்லது என்று கூசாமல் பொய் சொன்னேன். இவருக்கோ நெஞ்சு முன்னைவிட மோசமாகத்தான் ஆனது. பாக்கெட்டுக்குக் கை அடிக்கடி போனது. நானும் கண்டும் காணாமல் பாய்லர் தண்ணீரைக் கொட்டி மாற்றுவேன். அண்ணி வந்து மறுபடியும் ஊற்றிவிட்டுப் போவார்.

அப்படி இருக்கும்போதுதான் மருந்துக்கடைக்காரரின் அப்பா இறந்துபோனார். எங்கள் தெருவில் இருப்பது ஒரே மருந்துக்கடை. கடைக்கு மேல் மாடியில் வீடு. காலையில் நான் வரும்போதே ஷட்டர் இறக்கியிருந்தது, தெரு முழுக்கக் கார்கள். வீட்டு மாப்பிள்ளை பெரியவருடைய கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதைப் போட்டுத்தான் பெரியவரைச் சவப்பெட்டியில் வைக்கப் போகிறார்கள், சீக்கிரம் வேண்டும் என்றார்.

வாங்கும்போது பாக்கெட்டைத் துழாவுவது எங்கள் கடையின் முதல் சட்டம். உள்ளே பேனா இருந்தால் போச்சு, மை மொத்தத் துணியையும் கெடுத்துவிடும். பெரியவருடைய பாக்கெட்டில் ஒரு சீப்பும் பாதி தின்ற மிட்டாய்ப் பொட்டலமும் இருந்தன. உறையில் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். அவர் அந்த மிட்டாயைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். ஆனால் துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது நாங்கள் பாக்கெட்டைப் பார்ப்பதில்லை. உலகத்தில் எந்தச் சலவைக் கடையிலும் பார்ப்பதில்லை. தேய்த்து வைத்த துணிக்குள் என்ன இருக்கப்போகிறது?

இவர் அந்தக் கோட்டை அப்படிப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். பெரியவர் மேல் இவருக்கு மரியாதை. ஆவி அடிக்க அடிக்க இவருக்கு நெஞ்சு கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு இன்ஹேலரைக் கையில் எடுத்திருக்கிறார். கிணுகிணு. வாசலில் அண்ணி. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? எதிரே தொங்கின கோட்டின் உள்பாக்கெட்டில் இன்ஹேலரைப் போட்டுவிட்டு, வாங்கக்கா என்று சிரித்திருக்கிறார்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. நான் கோட்டுக்கு பிளாஸ்டிக் உறையைப் போட்டு, மாப்பிள்ளையிடம் என் கையாலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அண்ணியோடு, அவருடைய வகுப்பில் படிக்கிற இரண்டு அம்மாமாரும் வந்திருந்தார்கள். ஒருவர் தும்மல்காரம்மா. வந்ததிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தார், அது குணமாவதற்கு அடையாளம் என்று அண்ணி சொல்லியிருந்தாராம். இன்னொருவர் கண்ணாடிக்காரம்மா. அவர் எதையும் லேசில் நம்புகிற ரகமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவருக்காகத்தான் அன்றைக்குச் செய்முறை விளக்கம். அண்ணி ஒரு மூடியோடு நிறுத்தவில்லை. யூகலிப்டஸைக் கவிழ்த்தார், புதினாவைக் கவிழ்த்தார், மிதியைத் தானே மிதித்தார். கடை முழுக்க வெள்ளையாக ஆவி. எனக்கே கண் எரிந்தது. அண்ணியும் நடுவில் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், படியேறி வந்த களைப்பு என்றார். எங்கள் கடைக்குப் படியே கிடையாது.

இவர் முதலில் செருமினார். பிறகு இருமினார். சளி இளகுகிறது, பாருங்கள் என்று அண்ணி விளக்கினார். கண்ணாடிக்காரம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். இவருடைய தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கியது. உள்ளேயிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பாய்லரை அணைத்தேன், முன்கதவு பின்கதவு இரண்டையும் திறந்தேன், ஸ்டூலை இழுத்து உட்கார வைத்தேன்.

“எங்கங்க அது?” என்றேன்.

பாக்கெட்டில் கையை விட்டார். வெறும் கை வெளியே வந்தது. அண்ணி, எது, எது என்று கேட்டுக்கொண்டே புதினாக் குப்பியை இவருடைய மூக்குக்குக் கீழே கொண்டுவந்தார். நான் அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். அண்ணி கையிலிருந்து நான் எதையும் பிடுங்கினது அதுதான் முதல் தடவை.

இவருக்குப் பேச்சு வரவில்லை. கையை நீட்டி வெறும் கொக்கியைக் காட்டினார். அப்புறம் ஜன்னல் பக்கம் தெருவைக் காட்டினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையையும் நெஞ்சின் மேல் மடித்து வைத்துக்கொண்டார்.

அண்ணி தலையில் கையை வைத்துக்கொண்டார். “போய்ட்டு வரேன்னு சொல்றான்,” என்று ஓவென்று அழ ஆரம்பித்தார். தும்மல்காரம்மா தும்மலுக்கு நடுவே அழுதார். இவர் கண்ணைத் திறந்து, எரிச்சலோடு இல்லை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கொக்கி. தெரு. கண்ணை மூடி, நெஞ்சில் கை. அதோடு இந்தத் தடவை சட்டையின் உள்பக்கம் கையை விட்டுக் காட்டி, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் வாய்க்கு முன்னால் ஒரு அழுத்து அழுத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவருடைய கோட்டு.

கண்ணாடிக்காரம்மாவை ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு ஓடினேன். ஆம்புலன்ஸ் வந்தாலும் அந்தக் கார்களுக்கு நடுவில் எங்கே நுழையும்? மருந்துக்கடை ஷட்டரில் பூட்டுத் தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. மாடிப்படியில் வரிசையாக ஆட்கள், எல்லாரும் கறுப்பு உடுப்பில், எல்லாரும் மெதுவாக. மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க என்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினேன். துக்கம் தாங்காமல் ஓடுகிறாள் என்று நினைத்து ஒருவர் வழிவிட்டு, என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

உள்ளே போனால் கூடம் முழுக்க எங்கள் கடை வாசனை. கோட்டிலிருந்து கிளம்பிய நெடியில் வந்தவர்கள் எல்லாருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எது அழுகை, எது தைலம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைசி வரைக்கும் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் பாவம் என்று ஒரு பெரிய மனிதர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவருக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்லையே என்று மற்றவர் ஆச்சரியப்பட்டார்.

பெரியவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். கோட்டு மடிப்புக் கலையாமல் அழகாகத்தான் இருந்தது. நெஞ்சின் மேல் கையை மடித்து வைத்திருந்தார்கள், சரியாக அந்த உள்பாக்கெட்டுக்கு மேலே. நான் மனசுக்குள், ஐயா, மன்னிச்சுக்கங்க, என் வீட்டுக்காரர் சாகக் கிடக்கிறார் என்று சொல்லிக்கொண்டு, குனிந்து அவருடைய கையை மெல்லத் தூக்கினேன். தூக்கின கை கனத்தது. கோட்டுக்குள் என் கையை விட்டேன். ஒரு பக்கத்து உள்பாக்கெட். காலி. இன்னும் குனிந்தேன். கூடத்தில் எல்லாருடைய அழுகையும் நின்றுவிட்டது.

“யாரு இந்தம்மா?” என்று ஒரு குரல் கேட்டது. “சலவைக் கடைக்காரம்மா,” என்று பதில் வந்தது. “அதுக்கு ஏன் இப்படிக் கட்டிப்பிடிச்சு அழணும்?” என்றது முதல் குரல். பெரியவருடைய மனைவி கைக்குட்டையைக் கீழே இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் பல வருஷத்துச் சந்தேகம் ஒன்று எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாவம், அப்படிப்பட்ட மனுஷனே இல்லை அவர். என் விரலில் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. இழுத்தேன். நீல இன்ஹேலர்.

மருந்துக்கடைக்காரர் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர், நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எவ்வளவு நேரமாச்சு?” என்றார்.

“பேச்சே வரலீங்க,” என்றேன்.

எழுந்து எனக்கு முன்னால் ஓடினார். காலில் செருப்பில்லை. அப்பாவைப் பெட்டியில் போட்டுவிட்டு மகன் ஓடுகிறான் என்றதும் பின்னாலேயே மாப்பிள்ளையும் ஓடி வந்தார், எதற்கு என்று தெரியாமலே இன்னும் சிலர் ஓடி வந்தார்கள். என் வாழ்நாளில் நான் அப்படி ஓடியதில்லை. ஓடும்போது இவரைத் திட்டிக்கொண்டேதான் ஓடினேன். நீ மட்டும் உயிரோடு இரு, உன்னை என்ன பண்ணுகிறேன் பார் என்று, கட்டின புருஷனை நீ வா போ என்று.

கடைக்குள் நுழைந்தால் இவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தோள் இறங்கியிருந்தது. விசில் சத்தம் குறைந்திருந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் அண்ணியைப் பார்த்தேன். இவருக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தோல் பை கவிழ்ந்து குப்பிகள் தரையெல்லாம் உருண்டு கிடந்தன. அண்ணியின் கையில் ஒரு நீல இன்ஹேலர்.

என் கையில் ஒன்று. அவர் கையில் ஒன்று. மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இவருடைய உதட்டைப் பார்த்தார், நிமிர்ந்து உட்காரச் சொன்னார், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை இழுக்க வைத்தார். ஆம்புலன்ஸ் வந்தால் கட்டாயம் ஏறிப் போக வேண்டும், சரியாகிவிட்டது என்று இங்கேயே உட்காரக் கூடாது என்றார். அப்புறம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு பேருமே என் கடையிலதான் வாங்கறீங்க,” என்றார் களைத்துப்போய். “அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு இவர் சொல்வார். தம்பிக்குத் தெரியக் கூடாதுன்னு அவங்க சொல்வாங்க. நான் என்னத்தைப் பண்றது?”

அண்ணிக்கும் ஆஸ்துமா. தம்பிக்கு இருந்தது அக்காவுக்கும் இருந்திருக்கிறது, நாள்பட்டே இருந்திருக்கிறது. இவர் அக்காவை வாயைத் திறந்தபடி பார்த்தார். எனக்குச் சந்தோஷப்படுவதா, அந்தப் பையைத் தூக்கி அடிப்பதா என்று தெரியவில்லை. பெட்டியில் கிடந்தவருடைய நெஞ்சைத் துழாவிவிட்டு வந்திருக்கிறேன். அவருடைய மனைவி இந்நேரம் என்னை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ. அந்த நேரமெல்லாம் மருந்து இங்கே, குப்பிகளுக்கு அடியில் இருந்திருக்கிறது.

ஏன் அப்போதே எடுக்கவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அண்ணி தலையைத் தூக்கவில்லை. நான் வெளியே ஓடினதும் வெந்நீர் வேண்டும் என்று அந்த இரண்டு அம்மாக்களையும் பின்பக்கம் அனுப்பிவிட்டுத்தான் எடுத்தாராம். அவர்கள் இருக்கும்போது எடுக்கக் கை வரவில்லையாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் இரண்டு பேரும் வெந்நீர்ப் பாத்திரத்தோடு பின்கதவில் வந்து நின்றார்கள்.

“நான் வகுப்பு எடுக்கறவ,” என்றார் அண்ணி, தரையைப் பார்த்தபடி. “என் பையிலயே இது இருக்குன்னு தெரிஞ்சா, அப்புறம் யார் வருவா?”

“இவருக்கு மூச்சு நின்னிருந்தா எல்லாருமே வந்திருப்பாங்க, அண்ணி,” என்றேன். “கோட்டையும் நானே தேச்சிருப்பேன்.”

தும்மல்காரம்மா கூடத் தும்மவில்லை. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று இவருடைய கண் சொன்னது. சொல்லட்டும். இன்ஹேலரைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த நிசப்தத்தில்தான் கேட்டது, அதே விசில் சத்தம். இவரைப் பார்த்தேன். இவரிடமிருந்து இல்லை. அண்ணியின் தோள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவரும் அத்தனை நேரம் அந்த ஆவிக்குள்ளேயே நின்றவர்தான். கையில் மருந்தை வைத்துக்கொண்டு, பின்கதவில் நிற்கிற இரண்டு பேரையும், முன்வாசலில் எட்டிப் பார்க்கிற துக்க வீட்டுக் கூட்டத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு மூச்சை அடக்கப் பார்த்தார்.

இவர் ஸ்டூலிலிருந்து இறங்கி அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அக்காவின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார்.

“இழுங்கக்கா,” என்றார்.

அண்ணி இன்ஹேலரைக் குலுக்கி, எல்லாரும் பார்க்க, வாயில் வைத்து அழுத்தினார்.